கூட்டுப் பேரம்

கோர்ட் வாசலில் மனு அடித்துத் தரும் டைப்பிஸ்ட், இப்படியொரு ஜோடியைப் பார்த்ததே இல்லை.

"வக்கீல்கிட்ட போனா வீட்டையே எழுதி வாங்கிடுவார். பக்கத்துக் கடையிலயும் கொள்ளை. நீங்களாவது நியாயமா ஒரு ரேட் சொல்லுங்கக்கா" என்றாள் மனைவி.

"இவ கேக்குறதும் நியாயந்தானேக்கா" என்று ஒத்து ஊதினான் கணவன்.

இருவருமாக மாறி மாறிப் பேசி, கட்டணத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். தன் வீட்டுக்காரர் ஒருநாளாவது இப்படித் தன் பக்கம் பேசியதுண்டா என்று டைப்பிஸ்டுக்கு வயிறு எரிந்தது.

"சரி, யார் மேல கேஸ்?"

"இவர் மேலதான். விவாகரத்து."

டைப்பிஸ்டின் விரல்கள் அப்படியே நின்றன.

"பதில் மனுவும் உங்ககிட்டயே தர்றேன். ரெண்டுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் குறைங்கக்கா" என்றான் கணவன்.

டைப்பிஸ்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மனைவி எழுந்தாள். "இவங்க குறைக்க மாட்டாங்கபோல. நீங்க வாங்க, நாம வேற கடை பார்ப்போம்."