இரண்டாவது கோப்பை

மலையூரான எஹ்தெனில், வதீயின் வீட்டு ஜன்னல் வெயில் கட்டிலில் பரப்பிய சாமான்கள்மேல் மெல்ல நகர்கிறது. நாளை விடிந்ததும் வதீ தனியாக இருபத்தேழு நாள் மலைநடை கிளம்புகிறார். பத்து கிலோவுக்கு மேல் தூக்கினால் முழங்கால் தன்னை வழியிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பிவிடும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தாயிற்று, கூடாரத்தின் லேபிளைக் கத்தரித்தாயிற்று. மீசையைக்கூடக் குறைத்துப் பார்த்தார், தராசு அசரவில்லை. தராசுக் கொக்கியில் தொங்கும் பை இன்னும் பத்து கிலோவைவிட அறுபது கிராம் அதிகம். பெய்ரூட்டிலிருந்து வந்திருக்கும் தங்கை சல்வா பைக்குள் கைவிட்டு இரண்டு சின்னஞ்சிறு பீங்கான் கோப்பைகளை எடுக்கிறாள்.

“ஒத்தை ஆளுக்கு ரெண்டு எதுக்குண்ணே? மலையில யாரு வரப்போறா, ஓநாயா?”

“வந்துட்டா? காப்பி குடிக்கிறியான்னு கேட்டுட்டு, கோப்பை இல்லைன்னா சொல்றது?”

“இந்த வீட்டுக்கே மூணு வருஷமா என்னைத் தவிர ஒருத்தரும் வரல.”

“நீயும் டீதானே குடிக்கிறே.”

வெளியே ஓர் ஆட்டுமணி ஒலித்து அடங்குகிறது. விளிம்பு உடைந்தது அவருடைய கோப்பை. கீறலே விழாதது விருந்தாளிக்கு. வதீ உடைந்ததை ஜன்னலில் வைத்துவிட்டு, மற்றதைக் காலுறைக்குள் சுருட்டிப் பையில் போடுகிறார். முள் பத்தில் நிற்கிறது.

“நான் பாத்திரத்துலயே குடிச்சுக்குவேன்,” என்கிறார்.