மூன்றாம் ஓலை

"இன்னிக்கி துரைக்கண்ணு மட்டும் எழுந்தான்னு வையி, சர்ச்சுன்னுகூட பார்க்காத. சட்டையப் புடிச்சி வெளிய இழுத்துகினு வந்துடு" என்றார் குணசேகரன்.

தம்பி டில்லிபாபு தலையாட்டினான். அண்ணனுக்கோ வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், வாயில் இந்தப் பேச்சு! கிருத்திகை என்பதால் மலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் தெருவையே அடைத்திருந்தது. அதில் முட்டி மோதி, ஆராதனைக்கு அரை மணி முன்பே குணசேகரன் வந்து நின்றது மச்சானைக் காவல் காக்கத்தான்.

துரைக்கண்ணு அவர் மனைவி வசந்தியின் அண்ணன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பது வழக்கம். யாராவது எழுந்து தடை சொல்லிவிட்டால், அதை விசாரித்துத் தீர்க்கும்வரை தாலி ஏறாது. மகள் மோனிகாவின் ஓலை இரண்டு வாரம் வாசித்தாகிவிட்டது. இன்றைக்கு மூன்றாவது, கடைசி.

மாப்பிள்ளை கௌதமனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, வயது முப்பத்தாறு. மோனிகாவுக்கு இருபது. நர்சிங் இரண்டாம் வருடம்.

"எனக்கு வாணாம் நைனா, படிப்ப முடிச்சிக்கிறேன்" என்று அவள் அழுதபோது குணசேகரன் ஒரே ஓர் அறைதான் விட்டார். அதற்கே ஐந்து விரலும் பதிந்தன. அன்றிலிருந்து அவளுக்குக் காலேஜும் இல்லை, சர்ச்சும் இல்லை, போனும் இல்லை.

பெண் தானாக அப்படிப் பேசுவாள் என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை. எல்லாம் துரைக்கண்ணு ஏற்றிவிட்டது! தன் மகன் ராஜேஷுக்குப் பெண் கேட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல்! போன வாரம் கடைத்தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள அழுவுது பாவா, கொஞ்சம் யோசன பண்ணுங்க" என்றான். நாலு பேர் பார்க்க அந்தக் கையை உதறிவிட்டு வந்தார் குணசேகரன்.

வசந்தி மட்டும் வாயே திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தாள். காலையில் எழுந்ததும் முழங்கால்போட்டுவிடுவாள்.

"இன்னாடி அது, முட்டி தேயத் தேயக் கேட்டுகினு கீற?" என்று இன்று காலையில்கூடக் கேட்டார்.

"தைரியம் குடு ஆண்டவரேன்னு கேக்கறேங்க."

"கேளு, கேளு. உங்க அண்ணன் சபை நடுவுல மானத்த வாங்குனா, அதத் தாங்கறதுக்கு வேணுமில்ல!"

அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஆராதனை தொடங்கியது. ஆண்கள் பக்கம் துரைக்கண்ணுவுக்கு நேர் பின்னால் இடம் பிடித்து உட்கார்ந்தார் குணசேகரன். பக்கத்தில் டில்லிபாபு. மலைக் கோயில் பாட்டு ஜன்னல் வழியாக வர, பாடகர் குழு இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திப் பாடியது. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் குணசேகரன் திருதிருவென்று முழிப்பார். அவர் கண் ஒன்றரை மணி நேரமும் மச்சானின் பிடரியிலேயே இருந்தது.

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையை எடுத்தார்.

"நமது சபையைச் சேர்ந்த குணசேகரன், வசந்தி தம்பதியின் குமாரத்தி மோனிகாவுக்கும், அரக்கோணம் சபையைச் சேர்ந்த கௌதமனுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் அறிவிப்பு. நியாயமான தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது எழுந்து சொல்லலாம்."

துரைக்கண்ணு அசைந்தான். அவ்வளவுதான், குணசேகரனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. முன்னால் சாய்ந்து அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"எழுந்த, தொலைச்சிடுவேன்" என்று காதோடு உறுமினார்.

"எழுந்து இன்னா ஆவப்போவுது பாவா? நீங்க உட்டுடப் போறீங்களா?" என்றான் துரைக்கண்ணு. கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

குணசேகரன் கையை எடுத்தார். பயந்தாங்கொள்ளிப் பயல்! இவனுக்காகவா மூன்று வாரம் தூக்கம் கெட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. முடிந்தது, இனி பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடலாம் என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

போதகர் ஓலையை மடிக்கப் போனார். மடிக்கவில்லை. அவர் பார்வை பெண்கள் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. முன் வரிசையில் ஆரம்பித்து, சபை முழுவதும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் திரும்பினார்கள், துரைக்கண்ணுவும் திரும்பினான். கடைசியாகத் திரும்பியவர் குணசேகரன்தான்.

"பெத்தவ சொல்றேங்க ஐயா, இந்தக் கல்யாணம் வாணாம்."