பாதிப் பாவம்

மச்சான் முதுகைக் காட்டி உட்கார்ந்து படக்கதை படித்துக்கொண்டிருந்தார். அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, நாலடி தள்ளி நின்று அந்த முதுகைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

பகல் பதினோரு மணி. மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கொலை செய்கிற நேரமா இது என்றால், முதலாளி குறித்துக் கொடுத்த நேரம் அதுதான்.

உன் மச்சான் நாலு நாளாகப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் வருகிறான், நீயே முடித்துவிடு என்று சொல்லியிருந்தார் முதலாளி. முடிக்காவிட்டால் தன் ஆட்கள் மாப்பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஆட்களில் இரண்டு பேர் இப்போது கீழே வாசலில் நிற்கிறார்கள். சுட்ட சத்தம் கேட்டுப் பத்து நிமிஷம் கழித்து மேலே வந்து பிணத்தைத் தூக்கிப் போக வேண்டும்.

வீட்டில் மனைவியும் மூன்று வயது மகளும். மாப்பிள்ளை இரண்டு நாள் யோசித்தான். யோசித்தது என்ன, அழுதான். கடைசியில் மகள்தான் ஜெயித்தாள்.

மச்சானுக்குக் கொலைகாரக் காமிக்ஸ் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் ரசித்துப் படிக்கிற ஆள் இல்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா, வரிக்கு வரி குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே படிப்பார்.

"இங்க பாரு மாப்ளே, கூட்டாளியைச் சுட வந்தவன் ரெண்டு பக்கத்துக்கு வசனம் பேசுறான். சுட வந்தவன் சுட்டுட்டுப் போவானா, நின்னு ஊர்க்கதை பேசுவானா?"

நியாயமான கேள்வி. மாப்பிள்ளை துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான்.

முதலாளி காட்டிய ஆளைச் சுடுகிற தொழிலில் இருவரும் ஒன்பது வருடக் கூட்டு. மச்சான் போட்ட சட்டங்கள் இரண்டே இரண்டு. ஒருவர் துப்பாக்கியில் மற்றவர்தான் தோட்டா போட வேண்டும், அதைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவு. அப்புறம், சுட்டால் மூன்று எண்ணிச் சேர்ந்துதான் சுட வேண்டும். யார் குண்டு பட்டது என்று தெரியாது, அதனால் பாவம் ஆளுக்குப் பாதி.

பாதியாவது ஒன்றாவது! சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மனிதர் எதைக் குறி பார்த்து எதைச் சுடுவார்? இதுவரை போன பதினாலு பேரும் தன் கையால் போனவர்கள்தான் என்று மாப்பிள்ளைக்கு நிச்சயம். பகலில் அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு. படுத்தால்தான் வம்பு. பதினாலு முகமும் வரிசையாக வந்து நிற்கும்.

சுட்டான்.

அறை அதிர்ந்தது. புகை சூழ்ந்தது. பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

மச்சான் பக்கத்தைத் திருப்பினார்.

மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு முறை சுட்டான். திறந்து பார்த்தால் மச்சான் காதைக் குடைந்தபடி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மனது கஷ்டப்பட்டால் அவர் அப்படித்தான்.

"போதும் மாப்ளே, காது போயிடும். அது சினிமா ஷூட்டிங்ல வெக்கிற தோட்டா. சத்தமும் புகையும்தான் வரும். ஒன்பது வருஷமா உனக்கு அதைத்தான் போடுறேன்."

மாப்பிள்ளை கையிலிருந்த துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தங்கை அண்ணனைத் தனியே கூப்பிட்டாளாம். உங்க கூடத்தான் தொழிலுக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், வரட்டும், ஆனால் அவர் கையால் ஓர் உயிர்கூடப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினாளாம். ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு அண்ணன் கண்டுபிடித்ததுதான் அந்த இரண்டு சட்டமும்.

ஆக, பதினாலு பேரும் மச்சானுடைய பாவம். முழுப் பாவம்.

மாப்பிள்ளைக்கு முதலில் வந்தது அவமானம்தான். குறி தப்பாதவன் என்று தொழிலில் வாங்கிய பேரெல்லாம் இந்தச் சோடாபுட்டியுடையதா? அதற்கப்புறம் பதினாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவன் நெஞ்சை விட்டு இறங்கிப் போனார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். முதலாளி, போலீஸ் ஸ்டேஷன், மகள், கீழே நிற்கும் இரண்டு பேர் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"போலீஸ் ஸ்டேஷனா? அதுக்கு அடுத்த கடையிலதான் பழைய காமிக்ஸ் விக்கிறான். எவனோ பார்த்துட்டு வத்தி வெச்சிருக்கான்" என்று தலையில் அடித்துக்கொண்டார் மச்சான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடியைத் தாண்டியிருப்பார்கள்.

மச்சான் பக்கத்தின் ஓரத்தை மடித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தார். இடுப்பிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்து நின்றார்.

"பயப்படாதே. வர்றது ரெண்டு பேர். என்கிட்ட ஆறு இருக்கு."

மாப்பிள்ளை அவர் தோளைத் தொட்டான். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, காலையில் அவர் துப்பாக்கிக்குள் போடாமல் ஒளித்துவைத்த ஆறு தோட்டாக்களையும் எடுத்து நீட்டினான்.