ஒன்பதை அழுத்தாதவர்

மனித குலத்துக்குக் கதவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் எவனோ தெரியாது; அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே திறக்கவும் மூடவும் வழி செய்தவன் தான்தான் என்பதில் சாவிக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சாவி என்பது ஆபீஸில் வைத்த பெயர். ஊரில் சாவியே இல்லாமல் ஆக்கியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

இன்டர்நெட் போன் கம்பெனியின் இரண்டாவது மாடியில், ஒரு சக்கரம் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஊரில் பாதி கேட்டுகளை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தான்.

ஏற்பாடு சுலபமானது. பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் கேட் தானாக நகரும். மற்றவர்களிடம் ஒரு பெண் குரல், "வணக்கம். யாருன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் இருங்க" என்று சொல்லும். அடுத்து வீட்டுச் சுவரிலிருக்கும் போன் அடிக்கும். எடுப்பவர் ஒன்பதை அழுத்தினால் கேட் திறக்கும். அழுத்தாவிட்டால் வந்தவர் வந்த வழியே போகலாம்.

எல்லா கேட்டுக்கும் ஒரே குரல்தான்.

அந்தக் குரலுக்கு ஜனங்கள் சொல்லும் பதில்தான் சாவிக்குப் பொழுதுபோக்கு. "நான்தான்மா, கேபிள்காரன்." "இருக்கேன்மா, அவசரமில்ல." ஒரு பெரியவர், "நீ சாப்பிட்டியாம்மா?" என்றுகூடக் கேட்டார்.

"பேரைச் சொல்லச் சொன்னா மெஷினோட உறவு கொண்டாடுதுங்க" என்று சாவி ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிச் சிரிப்பான். அவன் மட்டும் எந்த மெஷினிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொள்கை.

இன்று மதியம் திரையில் தெரிந்த கேட், மச்சான் வீட்டுக் கேட். அவன் மனைவியின் அண்ணன். சண்டை போட்டுக்கொண்டு போன மனைவி இருப்பதும் அந்த வீட்டில்தான்.

மச்சான் கொட்டும் மழையில், ஒரு கண்ணாடி மீன் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். சுண்டுவிரலில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் இரண்டு மீன்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். இறக்கிவிட்ட ஆட்டோ போய்விட்டது.

அவர் எண்ணைச் சாவி காலையிலேயே நீக்கியிருந்தான். சுவர் போனுக்கு மணி போகும் வழியையும் அடைத்திருந்தான். மதியத் தூக்கத்தில் அவள் கைபேசியை அணைத்துவிடுவாள் என்பது, உடன் வாழ்ந்தவனுக்குத் தெரியாதா?

"வணக்கம். யாருன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் இருங்க."

"நான்தாம்மா. அண்ணன்தான். தொறம்மா, கண்ணு."

சாவி நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினான். கண்ணாம், கண்ணு!

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ, உன் மச்சான்டா அது! வீட்டுக்குப் போனா உனக்குச் சோறு கெடைக்குமா?"

சோறு போடத்தான் ஆளில்லையே என்று அவன் சொல்லவில்லை. ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட வந்து, இதே கேட்டின் முன்னால், மச்சான் நிற்கும் அதே இடத்தில்தான் நின்றான். பதிவிலிருந்து அவன் எண்ணை யாரோ நீக்கியிருந்தார்கள். நினைத்தால் ஆபீஸிலிருந்தே அந்தக் கேட்டைத் திறந்திருப்பான். ஆனால் கேட்டைத் திறப்பது வேறு, வீட்டில் சேர்ப்பது வேறு. குரல் பேரைக் கேட்டது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். உள்ளே போனை எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம். பிறகு வைத்துவிட்டார்கள்.

ஒன்பதை அழுத்த ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலுக்காகத்தான் இந்த மழை.

தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மச்சானின் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. சாவி இன்னும் கொஞ்சம் பொறுத்து, கேட் ஸ்பீக்கரைத் திறந்தான்.

"என்ன மச்சான், மழை ஜாஸ்தியா? நானும் அன்னிக்கு இப்படித்தான் நின்னேன். உள்ள உட்கார்ந்து மூச்சு விட்டுட்டு இருந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

மச்சான் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ, சோறு தீர்ந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனைப் பரிமாறுகிறவர் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"யோவ் மாப்ள, ஞாயித்துக்கிழமை நான் ஊர்லயே இல்லய்யா. போனை எடுத்தது அவ. நீ ஒரு வார்த்தை பேசுவேன்னு காதுல வச்சுக்கிட்டே நின்னாளாம். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்னியாமே! இந்த மீனாவது துணைக்கு இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்தேன். இப்ப தொறக்கிறியா, இல்ல இதுங்களைச் சாக்கடையில விட்டுட்டு நான் போகட்டுமா?"

கேட் நகர்ந்தது.

மச்சான் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். கேட் மூடிக்கொண்டது.

சாவி அவர் எண்ணைத் திரும்பச் சேர்த்தான். சுவர் போனுக்கு அடைத்த வழியைத் திறந்தான். தன் எண்ணை மட்டும் சேர்க்கவில்லை.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் தன் போனை எடுத்து அந்தக் கேட்டின் எண்ணை அழுத்தினான். இரண்டாவது மணியில் குரல் வந்தது. கல்யாணமான புதிதில், மிக்சியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சிரிக்காமல் சொல் சொல் என்று கெஞ்சி, சமையலறையில் அவன் பதிவு செய்த அவள் குரல்.

"வணக்கம். யாருன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் இருங்க."

"நான்தான்மா" என்றான் சாவி.

சொல்லிவிட்டு, கொஞ்சம் இருந்தான்.