என் பேரைச் சொல்லு

குளக்கரைத் தேரைக்கு முதுகெல்லாம் கொப்புளம். அதைச் சொல்லியே இரண்டு பெண் வீட்டார் தட்டிக் கழித்துவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகுமுன் தோலை வழவழப்பாக்கியே தீருவது என்று, தோல் வைத்தியம் பார்க்கும் பச்சோந்தியிடம் போய் நின்றது.

"சிகிச்சைக்கு முன்னால இப்படி" என்று பச்சோந்தி பழுப்பாகிக் காட்டியது. "பின்னால இப்படி" என்று பச்சையாக மின்னியது.

"அது கிடக்கட்டும். எத்தனை புழு?"

"இருபது."

"என்ன டாக்டர், பகல் கொள்ளையா இருக்கே! பத்துன்னா உட்காருறேன், இல்லைன்னா நடையைக் கட்டுறேன்."

பக்கத்தில் நின்ற நண்டு மெல்லக் கேட்டது: "ஏம்ப்பா, இவர்கிட்ட ஏற்கெனவே பண்ணிக்கிட்டவங்க யாரையாவது விசாரிச்சியா?"

"தலைப்பிரட்டையா இருந்தப்பவே பேரம் பேசினவன்டா நான்! எனக்கே புத்தி சொல்றியா? போடா அந்தப் பக்கம்!"

பத்துக்கே படிந்தது. பச்சோந்தி எருக்கம்பாலை எடுத்து முதுகு முழுக்கத் தடவியது. கொப்புளங்கள் கருகி உதிர்ந்தன. கூடவே தோலும் வெந்து, காய்ந்த ஓலைபோல இறுகிவிட்டது.

எரிச்சல் தாங்காமல் தேரை குளத்தில் விழுந்தது. தேரைகள் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சும். கழுத்தளவு தண்ணீரில் நாள் முழுக்க உட்கார்ந்தும் தாகம் அடங்கவில்லை.

மறுநாள் கரையில் ஒரு பெண் தேரை வந்து நின்றது. "அண்ணே, நீங்க பச்சோந்திகிட்ட பண்ணிக்கிட்டீங்களாமே? நல்லாப் பார்ப்பாரா?"

நண்டு தேரையின் பக்கம் கண்ணைத் திருப்பியது. தேரை முதுகைத் தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் அமுக்கிக்கொண்டது.

"பிரமாதமாப் பார்ப்பாரும்மா. என் பேரைச் சொல்லு, குறைச்சுக்குவார்."