வரி கட்டுறவன் பேசட்டும்

“மறுபடியும் நீங்களா மேடம்?”

வாசலிலேயே கேட்டுவிட்டான் வெல்டர் அன்பரசன். மேகலாவுக்குச் சுருக்கென்றது. மன்னார்குடியிலிருந்து வேகாத வெயிலில் ஸ்கூட்டியில் வருகிறாள். இது மூன்றாவது முறை.

அறுவடை மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப் அது. வெல்டர், ஃபிட்டர், டர்னர் என்று நாற்பது பேர். கான்ட்ராக்ட் கணக்கில் சம்பளம் என்பதால் மாதாமாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வருமான வரி பிடித்துவிடுகிறார்கள். உண்மையில் இவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு வரியே கிடையாது. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது முழுக்கத் திரும்ப வரும். அதைச் செய்து கொடுப்பதுதான் மேகலாவின் தொழில். தலைக்கு நானூறு ரூபாய், அதுவும் பணம் கைக்கு வந்த பிறகு.

உன் காசை உனக்கே வாங்கித் தருகிறேன் என்றால் ஓடி வரவேண்டாமா? மீட்டர் வட்டிக்காரன் நீட்டுகிற பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள், இவளிடம் மட்டும் வக்கீல் மாதிரி கேள்வி கேட்டார்கள்.

“ஓடிபி கேப்பீங்களா?”

“ரேஷன் அரிசி நின்னுடுமா?”

“பணம் வரலேன்னா உங்களை எங்க வந்து புடிக்கிறது?”

இரண்டு தடவையும் பதில் சொல்லி நாக்கு வறண்டதுதான் மிச்சம். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

“இராஜாங்கம் அண்ணன் போட்டா நாங்களும் போடுறோம்.”

இராஜாங்கம் அங்கே சீனியர் ஃபிட்டர். முதல் தடவை மேகலாவின் நோட்டீஸை வாங்கி, அதிலிருந்த படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “யோசிக்கிறேன்” என்றார். இரண்டாம் தடவை, “வேணாம் மேடம்.” காரணம் சொல்லவில்லை.

கடைசித் தேதிக்கு இன்னும் மூன்றே நாள். இந்த நாற்பது பேரும் கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டுப் பழையபடி ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். மேகலா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, உங்களுக்கு வேணாம்னா விடுங்க. உங்களைப் பார்த்து மத்தவங்களும் கெடணுமா? ஆளுக்கு ரெண்டாயிரத்து அறுநூறு ரூபா! புள்ளைங்க பீஸுக்கு ஆகாதா?”

இராஜாங்கம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, டூல்ஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார்.

உள்ளே பான் கார்டு ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ். கட்டாக இருந்தன.

“முப்பத்தொன்பது பேரு மேடம். பயப்படாதீங்கடா, நல்ல விஷயம்தான்னு திட்டித் திட்டி வாங்கி வச்சேன்.”

மேகலா கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

“நாப்பதாவது ஆளு?”

“அது நானு. என்னை விட்டுடுங்க.”

மறுபடியும் எரிச்சல் வந்துவிட்டது அவளுக்கு. “நல்ல விஷயம்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்னண்ணே வீம்பு?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சம்பளச் சீட்டை எடுத்தார். லேமினேட் செய்திருந்தார். ‘வருமான வரி 220’ என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு.

“ஆறு வருஷத்துக்கு முன்னால, கிராம சபையில எங்க தெருவுக்கு லைட்டு கேட்டு எழுந்திரிச்சேன். ஊருப் பெரிய மனுஷன் ஒருத்தரு, ‘எங்க வரிப்பணத்துலதான் இந்த ஊர்ல லைட்டே எரியுது. வரி கட்டுறவன் பேசட்டும், நீ உக்காரு’ன்னாரு. உக்காந்துட்டேன் மேடம். எம் பொண்ணு பக்கத்துலதான் நின்னுச்சு.”

மேகலா சீட்டிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

“இங்க சேர்ந்ததும் இந்தச் சீட்டு வந்துச்சு. அடுத்த சபையில இதைக் கையில புடிச்சிக்கிட்டுப் பேசினேன். யாரும் உக்காருன்னு சொல்லல. லைட்டும் வந்துச்சு. பிடிச்ச காசைத் திரும்ப வாங்கிட்டா, நான் எதைக் காட்டிப் பேசுறது?”

“ஐயோ அண்ணே, சொந்த ஊர்ல பேசுறதுக்கு ரசீதா வேணும்? யாரு அந்தப் பெரிய மனுஷன்?”

இராஜாங்கம் அவள் கையிலிருந்த நோட்டீஸை வாங்கினார். கிரீஸ் படிந்த விரலை அதிலிருந்த படத்தின் மேல் வைத்தார்.

வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. ‘என்னிடம் பிடித்த வரி ரூ.18,400 முழுசாகத் திரும்ப வந்தது! - வீரையன், விவசாயி.’

மேகலாவின் முதல் வாடிக்கையாளர். இருபத்தைந்து ஏக்கர் நெல். விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்றதும் சலவை வேட்டியோடு வந்து நின்றவர்.

“இவருக்கு எதுல பிடிச்சாங்க மேடம்?”

“பேங்க் வட்டியில.”

“நெல்லுக்கு?”

“நெல்லு வருமானத்துக்கு வரி கிடையாதுண்ணே.”

“அப்ப, எல்லாம் போக இவரு கட்டின வருமான வரி?”

மேகலா நோட்டீஸைப் பார்த்தாள். பைசா பாக்கியில்லாமல் வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

“ஒண்ணுமில்லண்ணே.”

இராஜாங்கம் கோபப்படவில்லை. நோட்டீஸை மடித்துச் சம்பளச் சீட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினார்.

“அப்ப என் காசு அங்கேயே இருக்கட்டும் மேடம். பாவம், அவரு தெருவுலயும் லைட்டு எரியணும்ல?”