ஒன்பதாம் வரிசையில் பேசக் கூடாது

ஆட்டம் முடிகிற சங்கு அலறியபோது பந்து காற்றில் இருந்தது.

எதிரணியின் குட்டைப் பெண் ஒருத்தி, பாதி மைதானத்திலிருந்து, வேறு வழியில்லாமல் வீசிய பந்து. அது பலகையில் பட்டு, வளையத்தைச் சுற்றி ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது.

எங்கள் ஊர்க் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றுவிட்டது.

அரங்கத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தோற்று இரண்டு வருடமாகிறது, பழக்கம் விட்டுப்போய்விட்டது. பாண்டு வாத்தியக்காரர்கள் வெற்றிப் பாட்டின் முதல் வரியை ஊதிவிட்டு, பாதியில் நிறுத்தி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் இருந்த சிறுமி, ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான் போலிருந்தது. புள்ளிப் பலகை பழுதாகிவிட்டதாகப் பின்னால் ஒருவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

கீழே எதிரணிப் பெண்கள் தரையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுது சிரித்தார்கள்.

எங்கள் ஒன்பதாம் வரிசை அதையெல்லாம் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும், அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரு முதியவர்களை, ஆர்டிஸையும் டுவேனையும், நோக்கித் திரும்பியிருந்தன.

அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. அதுதான் விதி.

நாங்கள் கடைசியாகத் தோற்ற அன்று, ஆட்டம் முடியுமுன்பே டுவேன் ஜெயித்தாகிவிட்டது என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டார். உங்கள் வாய்தான் கெடுத்தது, இனி என்னோடு பேசவே வேண்டாம் என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஆர்டிஸ் சீறினாள். இரண்டொரு வாரத்தில் ஆறிவிடுகிற கோபம்தான் அது.

அடுத்த ஆட்டத்தில் அவள் முறைத்துக்கொண்டே இருந்தாள். நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். அதற்கடுத்ததில் கோபம் தீர்ந்து அவள் பேச வாயெடுத்தாள். வரிசைக்கு நாட்டாமை மாதிரியான மில்ட், பாப்கார்னை அவள் வாயில் அடைக்காத குறையாகத் தடுத்துவிட்டார். நன்றாக ஓடுகிற வண்டிக்கு யாராவது சக்கரம் மாற்றுவார்களா என்று கேட்டார்.

அன்றிலிருந்து வெற்றிமேல் வெற்றி. கடையில் பால் அலமாரி முன்னால் எதிர்ப்பட்டாலும் இருவரும் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். கடிதம் எழுதலாமா என்று அவர்களுக்காக நான் கேட்டுப் பார்த்தேன். எழுத்தும் பேச்சுதான் என்று மில்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பேச்சுக்கு மட்டும்தான் தடை. ஆர்டிஸ் கோட்டு மாட்டும்போது டுவேன் பிடித்துக்கொள்வதற்குத் தடை இல்லை. அவள் பின்னிய மஃப்ளர் எப்படியோ அவர் கழுத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் தடை இல்லை. இருவரும் துணையை இழந்தவர்கள். விஷயம் வரிசை முழுவதற்கும் தெரியும். எங்கள் பெண்கள்தான் தோற்கமாட்டேன் என்றார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை டுவேன் பனி விழாத அரிசோனாவுக்குப் போகிறார், மகள் வீட்டோடு தங்கிவிட. இங்கே வாசல் பனியைத் தள்ளித் தள்ளி முதுகைக் கெடுத்துக்கொண்டது போதும் என்று மகள் அழைத்துவிட்டாள். போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல இந்த ஊரில் ஒருத்திதான் உண்டு. அவளுக்கு வாய்ப்பூட்டு. இன்றையதுதான் அவர் இங்கே பார்க்கும் கடைசி ஆட்டம்.

மில்ட் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"யாரு வாயைத் திறந்தது?"

டுவேனும் எழுந்தார். "நான்தான், மில்ட்."

வரிசை முழுக்க ஒரு முனகல் ஓடியது. உன்னை அன்றைக்கே மேல்மாடியில், தூணுக்குப் பின்னால் உட்காரவைத்திருக்க வேண்டும் என்றார் மில்ட். அரிசோனாக்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்றார். டுவேன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நான் ஆர்டிஸுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். டுவேன் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அவர் பேசல," என்றாள் ஆர்டிஸ். "நான்தான் பேசினேன். நாலு நிமிஷம் பாக்கி இருக்கறப்போ, போகாதீங்கன்னு சொன்னேன். தோத்தா தோக்கட்டும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

முழங்கால் அறுவைச் சிகிச்சையையே, ஆட்டங்கள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள் அவள்.

மில்ட் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்டிஸ் கோட்டைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். முகம் சிவந்திருந்தது. சொல்லி நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியும் அவரிடமிருந்து பதில் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் கை கோட்டுக் கையின் வாயைத் தேடித் தேடித் தவறியது.

டுவேன் அதைப் பிடித்துக் காட்டினார்.

"எப்படிங்க பதில் சொல்றது? நாம புள்ளியில முன்னால இருந்தோமே."

இப்போதுதான் தோற்றாகிவிட்டதே என்றாள் ஆர்டிஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

டுவேன் சுற்றுமுற்றும் பார்த்தார். முப்பது வருடமாக இந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், அவள் காதருகே குனிந்து, மிகத் தணிந்த குரலில் சொன்னார்.

"அந்தக் குட்டைப் பொண்ணு கடைசியா வீசினாளே... அது உள்ள விழணும்னு வேண்டிக்கிட்டேன்."

மில்ட் காதில் விழுந்துவிடாதபடி நான் பலமாக இருமினேன்.